ஒரு செம்பு, இரண்டு எலுமிச்சை, ஒரு ஜன்னல்: 4×5 ஃபிலிம் கேமராவில் ஸ்டில் லைஃப் எடுக்க முழுமையான வழிகாட்டி

பெரிய ஃபார்மட் கேமரா, அதாவது 4×5 அங்குலமோ அதைவிடப் பெரிதோ ஆன தனித்தனி ஃபிலிம் தாளில் (ஷீட்டில்) படம் எடுக்கும் கேமரா, வாங்கும் பலரும் முதல் வேலையாக அதைத் தூக்கிக்கொண்டு மலைக்கோ கடற்கரைக்கோ போய்விடுகிறார்கள். அங்கே காற்று பெல்லோஸை (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் உள்ள மடிப்புத் துருத்தி) ஆட்டும், மேகம் வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், நாலு பேர் சுற்றி நின்று இது என்ன கேமரா என்று கேட்பார்கள், அந்தப் பரபரப்பில் ஏதாவது ஒன்றை மறந்து ஒரு ஷீட் போய்விடும். முதல் ஐம்பது ஷீட்டையும் வீட்டுக்குள், ஒரு ஜன்னல் ஓரத்தில், ஒரே மேஜையில் செலவு செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். செம்பும் எலுமிச்சையும் எங்கேயும் போகாது. பிம்பத்தைப் பார்க்கத் தலைமேல் போர்த்தும் கருப்புத் துணிக்குள் நீங்கள் முக்கால் மணி நேரம் தடுமாறினாலும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்.

ஃபோட்டோகிராஃபியே இங்கிருந்துதான் தொடங்கியது. 1839-ல் அந்தக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்படுவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1837-ல், அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டகேர் பாரிஸில் ஒரு ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டர் சிலைகளை அடுக்கி வைத்துப் படம் எடுத்தார். அவருடைய தகடுக்கு நிறைய நேரம் வெளிச்சம் வேண்டும், அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கப் பொருள்களால்தான் முடியும். பிராகில் வாழ்ந்த ஃபோட்டோகிராஃபர் ஜோசஃப் சூடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். அந்த ஒற்றைக் கையோடு பெரிய கேமராக்களைத் தூக்கி வைத்து, தன் ஸ்டுடியோ ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு முட்டை, ஒரு ரொட்டித் துண்டு என்று வைத்து வருடக்கணக்காகப் படம் எடுத்தார். ஒரு ஜன்னலே ஒருவருக்கு அவ்வளவு காலம் போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த வழிகாட்டியில் நான் ஒரே ஒரு படத்தை முதலிலிருந்து கடைசி வரை எடுத்துக் காட்டப்போகிறேன். ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு எலுமிச்சை, பாதி தண்ணீர் உள்ள ஒரு கண்ணாடி டம்ளர், கீழே மடிப்பு விழுந்த ஒரு காடாத் துணி. கறுப்பு வெள்ளை. இதை ஒருமுறை முழுதாகச் செய்துவிட்டால் மற்ற எதற்கும் இதே வரிசைதான்.

கேமராவும் லென்ஸும்

ஸ்டில் லைஃபுக்கு மட்டும் என்றால் பழைய மோனோரயில் கேமரா (ஒற்றைத் தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும் வகை) வாங்குங்கள். சினார், கேம்போ, டோயோ, எதுவானாலும் சரி. கனமாக இருக்கும், வெளியே தூக்க முடியாது, அதனாலேயே மடக்கும் ஃபீல்டு கேமராவைவிட விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் மேஜை வேலைக்கு அதுதான் வசதி, ஏனென்றால் பெல்லோஸ் நீளமாக இழுபடும், முன்னும் பின்னும் எல்லாப் பக்கமும் அசையும். நம் பக்கத்துப் பழைய ஸ்டுடியோக்களில் ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மரக் கேமரா இன்னும் சில இடங்களில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அழகான பொருள், ஆனால் இப்படிப்பட்ட மரக் கேமராக்கள் பெரும்பாலும் பழைய கண்ணாடி பிளேட் அளவுக்குச் செய்தவை, எனவே இன்றைய 4×5 ஹோல்டர் (ஃபிலிம் ஷீட் வைக்கும் உறை) அதில் உட்காருமா, இல்லை பின்பக்கத்தை ஒரு தச்சரிடம் கொடுத்து மாற்ற வேண்டுமா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். எந்தக் கேமராவானாலும் வாங்குவதற்கு முன் ஒரு இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், மடிப்பு மூலைகளில் ஊசித்துளி வெளிச்சம் வருகிறதா என்று.

4×5-க்கு 150 மி.மீ. லென்ஸ்தான் நார்மல் என்பார்கள். மேஜைப் படத்துக்கு நான் 210 சொல்வேன். காரணம் எளிது. பொருளை ஃபிலிமில் மூன்றில் ஒரு பங்கு அளவில் எடுக்கிறோம் என்று வையுங்கள், அதாவது மேஜையில் கிட்டத்தட்ட 30×38 செ.மீ. பரப்பு ஒரு ஷீட்டில் அடங்கும். இதற்கு 150 லென்ஸைப் பொருளிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைக்க வேண்டும், 210-ஐ 84 செ.மீ. தூரத்துக்குத் தள்ளி வைக்கலாம். 60 செ.மீ.-ல் செம்பின் வாய் உங்களை நோக்கிப் பிதுங்கிக்கொண்டு நிற்கும், லென்ஸ் போர்டின் நிழலும் துணியில் விழும். 84-ல் செம்பு செம்பாகத் தெரியும். பெல்லோஸ் அதற்கு 28 செ.மீ. நீள வேண்டும், எல்லாக் கேமராவிலும் அநேகமாக நீளும். பொருளின் பாதி அளவுக்குப் போனால் 31.5 செ.மீ., முழு அளவுக்கு 42 செ.மீ.; ஃபீல்டு கேமரா வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை வாங்கும்போதே போட்டுப் பார்க்க வேண்டும்.

கனமான டிரைபாட், கேபிள் ரிலீஸ், ஒரு லூப் (ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கி), கருப்புத் துணி. கருப்புத் துணியின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் உள்ளே வேர்த்துக் கொட்டாது, நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஜன்னலும் வெளிச்சமும்

வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது, நேர் வெயில் அநேகமாக விழாது. இல்லையென்றால் எந்த ஜன்னலிலும் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். ஒற்றை மடிப்பு போதும், வெயில் மென்மையாகிவிடும், ஜன்னல் முழுக்க ஒரே வெளிச்சப் பலகையாக மாறும். நீலம் போட்ட வேட்டியோ பழுப்பேறிய வேட்டியோ கறுப்பு வெள்ளைக்குப் பிரச்சினை இல்லை, கலர் ஃபிலிம் போட்டால் மட்டும் கவனம். அப்புறம் அறையில் உள்ள எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். டியூப்லைட் மேலே எரிந்துகொண்டிருந்தால் ஜன்னல் கொடுக்கும் நிழலின் வடிவம் கெட்டுப்போகும், என்ன கெட்டது என்பதும் நெகட்டிவில் பார்த்தால்தான் தெரியும்.

மேஜையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். ஜன்னலுக்கு அருகில் வைத்தால் ஒருபக்கம் வெளுத்து மறுபக்கம் இருட்டும், தள்ளிப் போகப் போக வித்தியாசம் குறையும், வெளிச்சமும் குறையும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டை அல்லது தெர்மகோல் பலகை நிறுத்தி நிழலுக்கு வெளிச்சம் திருப்புங்கள். 1930-ல் எட்வர்ட் வெஸ்டன் 8×10 கேமராவில் எடுத்த குடைமிளகாய்ப் படம் எல்லோருக்கும் தெரியும். அந்த மிளகாயை அவர் ஒரு தகரப் புனலுக்குள் வைத்திருந்தார். புனலின் உட்புறம் பக்கங்களிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியதால்தான் அதன் வளைவுகள் அவ்வளவு உருண்டு தெரிகின்றன. தகரத்தின் விலையில் கிடைத்த வெளிச்சம் அது. வெள்ளை அட்டையோடு ஒரு கறுப்பு அட்டையும் கட்டாயம் வைத்திருங்கள். கண்ணாடி டம்ளரின் இரண்டு பக்கமும் சட்டகத்துக்கு வெளியே கறுப்பு அட்டைப் பட்டைகளை நிறுத்தினால் டம்ளரின் விளிம்புகளில் கறுப்புக் கோடு ஓடும், இல்லையென்றால் வெளிறிய துணிக்கு முன்னால் கண்ணாடி காணாமலே போய்விடும்.

பித்தளையைப் பற்றி ஒரு வார்த்தை. புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளவென்று இருக்கும் செம்பு ஒரு கண்ணாடி மாதிரி, ஜன்னலும் கேமராவும் நீங்களும் அதில் தெரிவீர்கள். ஆறு மாதம் பரணில் கிடந்து மங்கிய செம்புதான் நெகட்டிவில் அருமையாக வரும், அதன் உடம்பில் ஜன்னல் ஒரு நீண்ட மென்மையான கோடாக மட்டும் விழும். அந்தக் கோட்டின் அகலத்தை வேட்டியை விலக்கியும் இழுத்தும் நீங்களே தீர்மானிக்கலாம்.

கறுப்பு வெள்ளையில் நிறம் போய்விடும் என்பதை அடுக்கும்போதே யோசிக்க வேண்டும். சாதாரண ஃபிலிமில் தக்காளியும் பச்சை இலையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழக்கூடும். எலுமிச்சை வெளிறும், பித்தளை அதைவிட ஒரு படி இருளும், அதனால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பிரிந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் கைபேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரவுண்ட் கிளாஸிலிருந்து அடுக்குங்கள்

மேஜைக்கு முன்னால் நின்று அழகாக அடுக்கிவிட்டு, பிறகு கேமராவைக் கொண்டுவந்து வைத்தால் படம் சரியாக வராது. நீங்கள் இரண்டு கண்ணால், தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்து அடுக்கியது அது. கேமராவுக்கு ஒற்றைக் கண், அதுவும் ஒரே இடத்தில். அதனால் முதலில் செம்பை மட்டும் வைத்து, கேமராவை நிறுத்தி, ஃபோகஸ் செய்து, அப்புறம் ஒவ்வொரு பொருளாகக் கொண்டுவாருங்கள். வைப்பது, துணிக்குள் போய்ப் பார்ப்பது, வெளியே வந்து அரை அங்குலம் நகர்த்துவது, மறுபடி துணிக்குள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேரம்தான் படம், மீதி எல்லாம் அதைப் பத்திரமாக ஷீட்டில் இறக்குகிற வேலை.

கிரவுண்ட் கிளாஸில், அதாவது கேமராவின் பின்பக்கத் தேய்த்த கண்ணாடியில், பிம்பம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் தெரியும். முதல் வாரம் குழப்பும், அப்புறம் அதுவே பெரிய உதவி, ஏனென்றால் தலைகீழாக இருக்கும்போது அது செம்பாக, எலுமிச்சையாகத் தெரியாது. வெறும் கருமை, வெண்மை, வட்டம், கோடு என்றுதான் தெரியும். இரண்டு விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கிற இடங்களைத் தேடுங்கள். எலுமிச்சையின் விளிம்பு செம்பின் விளிம்பை முத்தமிட்டுக்கொண்டு நின்றால் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒன்று நன்றாக மறைக்கட்டும், அல்லது நன்றாக விலகட்டும். நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் பாருங்கள், துணியின் ஓரத் தையல் ஏதாவது ஒரு மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எலுமிச்சையை வெட்டி வைப்பதாக இருந்தால், அடுக்கும்போது ஒரு பழத்தை வெட்டி வையுங்கள், எடுக்கப்போகும் கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாக ஒன்றை வெட்டி அதே இடத்தில் மாற்றுங்கள். வைத்த இடம் மறக்காமல் இருக்க அடியில் ஒரு துளி களிமண் ஒட்டினால் பழம் உருளவும் செய்யாது.

அசைவுகள்: எது தேவை, எது தேவையில்லை

முதலில் கேமராவின் பின்பக்கத்தை ஸ்பிரிட் லெவல் வைத்துச் செங்குத்தாக்குங்கள். பின்பக்கம் செங்குத்தாக இருக்கும்வரை டம்ளரின் பக்கங்கள் சாயாது. ஆனால் கொஞ்சம் மேலிருந்து பார்த்தால்தானே டம்ளரின் வாயும் தண்ணீரின் வட்டமும் தெரியும்? அதற்குக் கேமராவைக் குனிய வைக்காமல் லென்ஸை மட்டும் கீழே இறக்குங்கள், இதுதான் ஃபால். கணக்கு இப்படி: பொருள்களின் நடுப்பகுதியைவிட லென்ஸ் 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அளவு மூன்றில் ஒன்று, ஆகவே 4 செ.மீ. ஃபால் வேண்டும். கிட்டத்தில் எடுக்கும்போது லென்ஸ் வீசும் வட்டமும் பெரிதாகிவிடுவதால் 210 லென்ஸ் இதைத் தாராளமாகத் தாங்கும்.

அடுத்தது டில்ட், லென்ஸைச் சாய்ப்பது. லென்ஸ் தளம், ஃபிலிம் தளம், ஃபோகஸ் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பது விதி. ஆஸ்திரிய ராணுவத்தில் கேப்டனாக இருந்த தியோடோர் ஷைம்ப்ஃப்ளுக் 1904-ல் காப்புரிமையில் எழுதியதால் அவர் பெயரிலேயே இருக்கிறது. லென்ஸை முன்னால் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் சாய்ந்து மேஜைப் பக்கம் படுக்கத் தொடங்கும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். முழுத் தளத்தையும் மேஜையில் படுக்க வைக்கப் பார்க்கிறார்கள், துணி முன்னாலிருந்து பின்வரை கத்திபோலத் தெளிவாக இருக்கிறது, செம்பின் கழுத்து மட்டும் மங்கிப்போகிறது. தட்டு, புத்தகம், மடித்த துணி போன்ற தட்டையான பொருள்களுக்கு அது சரி. நிற்கும் பொருள்கள் இருந்தால், முன்னால் இருக்கும் எலுமிச்சையின் நடுவிலிருந்து பின்னால் இருக்கும் செம்பின் வாய்வரை ஒரு சாய்ந்த பலகை வைத்ததாக மனசில் நினையுங்கள். அந்தப் பலகைதான் உங்கள் ஃபோகஸ் தளம். நிலக்காட்சியில் இரண்டு மூன்று டிகிரி டில்ட் போதும். மேஜையில் 10, 15 டிகிரிகூடத் தேவைப்படும், பயப்படாதீர்கள்.

செய்யும் முறை: லென்ஸை முழுதாகத் திறந்து, செம்பின் வாயில் ஃபோகஸ் செய்யுங்கள். லூப்பை எலுமிச்சைக்கு நகர்த்துங்கள், மங்கலாக இருக்கும். லென்ஸைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, செம்பின் வாய்க்கு மறுபடி ஃபோகஸ் சரிசெய்து, மறுபடி எலுமிச்சையைப் பாருங்கள். மூன்று நான்கு முறையில் இரண்டும் ஒன்றாகத் தெளியும். பொருள்களைக் குறுக்காக, ஒருபக்கம் கிட்ட மறுபக்கம் எட்ட என்று அடுக்கியிருந்தால் இதே வேலையைப் பக்கவாட்டில் ஸ்விங் (லென்ஸை இடவலமாகத் திருப்புவது) செய்யும். பின்பக்க டில்டைத் தொட வேண்டாம், அது பொருள்களின் வடிவத்தையே மாற்றும்: பின்பக்கத்தின் மேல் விளிம்பைப் பின்னால் சாய்த்தால் முன்னால் இருக்கும் எலுமிச்சை ஊதிப் பெரிதாகும். வேண்டுமென்றே அதைச் செய்யும் நாள் வரும்.

லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சரை) எவ்வளவு மூடுவது? எஃப் எண் ஏற ஏறத் துவாரம் சிறிதாகும். கேமராவின் ரயிலில் ஒரு சின்ன ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். தளத்துக்கு வெளியே கிட்டத்தில் இருக்கும் ஒரு புள்ளியில், எடுத்துக்காட்டாக டம்ளரின் முன் விளிம்பில், ஃபோகஸ் செய்து எண்ணைக் குறியுங்கள். அப்புறம் எட்டத்தில் இருக்கும் செம்பின் அடியில் ஃபோகஸ் செய்து குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். இடைவெளி 4 மி.மீ.-க்குள் இருந்தால் எஃப் 32-ல் எல்லாம் அடங்கும். அதற்கு மேல் வந்தால் எஃப் 64-க்கு ஓடாமல் பொருள்களைக் கொஞ்சம் நெருக்கி வையுங்கள். அவ்வளவு மூடினால், சின்னத் துளையில் வெளிச்சம் பரவிப்போகும் டிஃப்ராக்‌ஷன் மொத்தப் படத்தையும் லேசாக மழுக்கிவிடும். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் மூடும்போது ஃபோகஸ் நகரும், எனவே எஃப் 32-ல் வைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை துணிக்குள் காத்திருந்து, இன்னொரு முறை லூப்பால் பார்ப்பது நல்லது.

எக்ஸ்போஷர்: மூன்று கணக்கு, இதே வரிசையில்

ஃபிலிம் இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ், ஐஎஸ்ஓ 125. ஸ்பாட் மீட்டரை (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் கருவி) செம்பின் நிழல் பக்கத்தில், எங்கே இருட்டினாலும் விவரம் தெரிய வேண்டுமோ அங்கே பிடியுங்கள். எஃப் 32-க்கு மீட்டர் 32 செகண்ட் என்கிறது. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக ஆக்கச் சொல்லும். நமக்கு அது நிழலாகவே இருக்க வேண்டும், ஆகவே இரண்டு ஸ்டாப் குறைக்கிறோம் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). 8 செகண்ட். இப்போது துணியின் மிக வெளிச்சமான மடிப்பை அளந்து பாருங்கள். நிழலைவிட நான்கைந்து ஸ்டாப் அதிகமானால் பரவாயில்லை. ஆறு ஏழு என்றால் வெள்ளை அட்டையை இன்னும் கிட்டக் கொண்டுவாருங்கள். ஸ்பாட் மீட்டர் இல்லாதவர்கள், பொருள்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் இன்சிடென்ட் மீட்டரைச் செம்பு இருக்கும் இடத்தில் வைத்து, வெள்ளைக் குமிழைக் கேமராவைப் பார்க்கத் திருப்பி அளந்தால் போதும், அந்த அளவில் இரண்டு ஸ்டாப் குறைக்கக் கூடாது.

இரண்டாவது, பெல்லோஸ். லென்ஸ் தள்ளிப் போகப் போக ஃபிலிமுக்கு வரும் வெளிச்சம் குறையும். லென்ஸ் போர்டிலிருந்து கிரவுண்ட் கிளாஸ்வரை டேப்பால் அளக்கிறோம், 28 செ.மீ. அதை லென்ஸின் 21 செ.மீ.-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 1.78. எட்டு செகண்டை 1.78-ஆல் பெருக்க, 14 செகண்ட். முழு அளவில் எடுத்தால் இது நான்கு மடங்கு, அதாவது இரண்டு முழு ஸ்டாப். இதை மறந்துவிட்டுத்தான் பலர் ஃபிலிமையும் டெவலப்பரையும் குறை சொல்கிறார்கள்.

மூன்றாவது, ரெசிப்ரோசிட்டி. ஒரு செகண்டைத் தாண்டினால் ஃபிலிம் சோம்பிவிடும், கொடுத்த வெளிச்சத்துக்குத் தக்க பலன் தராது. எஃப்பி4-க்கு இல்ஃபோர்டு தரும் விதி, நேரத்தை 1.26 என்ற அடுக்குக்கு உயர்த்துவது. 14 செகண்ட் 28 ஆகிறது. 30 செகண்ட் என்றால் 73, ஒரு நிமிடம் என்றால் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். பெல்லோஸ் கணக்கை முதலிலும் இதைக் கடைசியிலும் போட வேண்டும், மாற்றிப் போட்டால் விடை தப்பும். ஃபிலிமுக்கு ஃபிலிம் இது மிகவும் மாறும்: ஃபோமாபான் 100-ல் 10 செகண்ட் 80 செகண்டாகும், கோடக் டி-மேக்ஸ் 100-ல் 10 செகண்டுக்கு 15 போதும். இல்ஃபோர்டின் இன்னொரு ஃபிலிமான எச்பி5 பிளஸ் ஐஎஸ்ஓ 400 என்பதால் இதே படத்துக்கு இரண்டரை செகண்டில் தொடங்கி எல்லாம் சேர்த்து 7 செகண்டில் முடிந்துவிடும். பூ வைத்து எடுக்கிறவர்கள் எச்பி5-க்குப் போங்கள். மல்லிகை மாலையில் விரியும்போது அசைவது கண்ணுக்குத் தெரியாது, ஒரு நிமிட எக்ஸ்போஷரில் இதழ் விளிம்பு மங்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஷீட்டை ஹோல்டரில் ஏற்றுதல்

ஜன்னல் இல்லாத குளியலறை, ராத்திரி நேரம், கதவிடுக்கில் ஒரு துண்டு. பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்தால் எங்கிருந்து வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். சேஞ்சிங் பேக் (கை மட்டும் நுழையும் இருட்டுப் பை) வேண்டாம் என்பது என் அனுபவம், நம் ஊர் வெக்கையில் இரண்டாவது ஷீட்டுக்குள் கை வேர்த்து ஃபிலிமில் விரல்ரேகை விழும். ஃபிரிட்ஜில் வைத்திருந்த பெட்டி என்றால் அன்று காலையிலேயே வெளியே எடுத்து வையுங்கள், குளிர்ந்த ஷீட்டில் ஈரம் படியும்.

ஹோல்டரைப் பிளோயர் வைத்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இந்த நேரத்தில் ஒட்டும் தூசி ஃபிலிமை மறைத்து, பிரிண்டில் கறுப்புப் புள்ளியாக வரும். ஷீட்டை நெடுக்கில் பிடித்தால், ஓரத்தில் உள்ள வெட்டுக்கள் வலது மேல் மூலையில் தட்டுப்படும்போது எமல்ஷன் பக்கம், அதாவது படம் பதியும் பக்கம், உங்களைப் பார்த்து இருக்கிறது. அந்தப் பக்கம் மேலே வரும்படி, இருபக்கச் சட்டங்களுக்கும் கீழே நுழைத்துத் தள்ளுங்கள். ஒரு ஓரம் சட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பாருங்கள். ஹோல்டரை மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால் எடுக்காத ஷீட், கறுப்புப் பக்கம் வெளியே இருந்தால் எடுத்தது. வெள்ளைப் பக்கத்தின் பிடியில் சின்ன மேடுகள் இருக்கும், இருட்டில் தடவித் தெரிந்துகொள்ளத்தான். ஏற்கெனவே வீணான ஒரு ஷீட்டை வைத்துக் கண்ணைத் திறந்துகொண்டு இருபது முறை, மூடிக்கொண்டு இருபது முறை பழகுங்கள்.

எடுக்கும் நேரம்

மின்விசிறியை நிறுத்துங்கள். நான் ஒரு மாதம் லென்ஸைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் மேலே சுற்றிய விசிறி துணியின் மடிப்பையும் பெல்லோஸையும் லேசாக ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்து அறையில் கிரைண்டரோ வாஷிங் மெஷினோ ஓடினால் அது முடியட்டும்.

இனி வரிசை மாறக் கூடாது. ஷட்டரை மூடுங்கள். அப்பர்ச்சரை எஃப் 32-க்குக் கொண்டுவாருங்கள். வேகத்தை டி-யில் வையுங்கள், ஒருமுறை அழுத்தினால் திறக்கும், மறுமுறை அழுத்தினால் மூடும். டி இல்லையென்றால் பி-யில் வைத்துக் கேபிளின் பூட்டைத் திருகுங்கள். ஹோல்டரை நுழைக்கும்போது கேமரா நகரும், ஒரு கையால் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு நுழையுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். லென்ஸை முன்னாலிருந்து பார்த்து ஷட்டர் மூடியிருக்கிறது என்று கண்ணால் உறுதி செய்த பிறகுதான் லென்ஸைப் பார்த்த டார்க் ஸ்லைடை நேராக உருவ வேண்டும். அழுத்துங்கள், 28 எண்ணுங்கள், அந்த நேரம் அறையில் நடக்க வேண்டாம், மறுபடி அழுத்துங்கள். கறுப்புப் பக்கம் வெளியே வரும்படி ஸ்லைடைத் திரும்பச் செருகுங்கள். ஹோல்டர் எண், ஃபிலிம், மீட்டர் அளவு, பெல்லோஸ் நீளம், கடைசி நேரம், எல்லாவற்றையும் அப்போதே நோட்டில் எழுதுங்கள். மறுபக்கத்தில் உள்ள இரண்டாவது ஷீட்டையும் அதே அளவில் எடுத்து வையுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

டெவலப்பிங், நம் ஊர்த் தண்ணீரில்

வெளிச்சம் புகாத டெவலப்பிங் டேங்க் பல உண்டு. ஸ்டியர்மன் எஸ்பி-445 நான்கு ஷீட் கொள்ளும், அரை லிட்டருக்கும் குறைவான கரைசல் போதும். பேட்டர்சன் டேங்குக்குள் வைக்கும் மாட்54 ஆறு ஷீட் பிடிக்கும், ஒரு லிட்டர் வேண்டும். ஒன்றும் வாங்க முடியவில்லை என்றால் மூன்று பிளாஸ்டிக் டிரே போதும், ஆனால் முழு இருட்டில் ஷீட்டை ஷீட்டுக்கு அடியில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நகம் பட்டால் கீறும். இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் போட்டால் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம், பழகுவதற்கு அருமையான ஃபிலிம். சிவப்பு நிறத்தை அது பார்க்காது என்பதால் தக்காளியும் காய்ந்த மிளகாயும் கரியாக வரும்.

எஃப்பி4-ஐ ஐடி-11 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து 20 டிகிரியில் 11 நிமிடம். 20 டிகிரி என்பதுதான் நமக்குச் சிக்கல், மே மாதம் சென்னையில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். ஐஸ் கட்டியை டெவலப்பரில் போடாதீர்கள், கலவை நீர்த்துப்போகும். ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு, டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் மூன்றையும் பாட்டிலோடு அதில் நிறுத்துங்கள். 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால்கூடப் போதும், நேரத்தை 8 நிமிடம் சுற்றிக் குறைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்குக்கூட இறங்கவே இல்லையென்றால் ஒன்றுக்கு மூன்று கலந்துகொள்ளுங்கள், அதில் 20 டிகிரிக்கு 20 நிமிடம் என்பதால் சூட்டில் குறைத்தாலும் கைவசம் நேரம் இருக்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். எல்லாக் கரைசலும் ஒரே சூட்டில் இருப்பது, எத்தனை டிகிரி என்பதைவிட முக்கியம். நீண்ட எக்ஸ்போஷர் நெகட்டிவில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏறும், எனவே ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்த ஷீட்டுக்கு நான் டெவலப்பிங் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைப்பேன்.

ஸ்டாப் பாத் அரை நிமிடம், ஃபிக்ஸர் நான்கு ஐந்து நிமிடம். கழுவுவதற்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி நிரப்பி இருபது முறை. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், ஒரு துளி வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் துளித்துளியாக நின்று கறை படாமல் வழியவைக்கும் திரவம்) விட்டு. ஒரு மூலையில் துணி கிளிப் மாட்டிக் குளியலறையில் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.

காய்ந்த நெகட்டிவை ஜன்னலில் பிடித்து லூப்பால் பாருங்கள். செம்பின் நிழல் பக்கம் வெறும் கண்ணாடியாக இருந்தால் எக்ஸ்போஷர் போதவில்லை. துணியின் மடிப்பு நூல் தெரியாமல் கட்டியான கறுப்பாக இருந்தால் டெவலப்பிங் அதிகம். இரண்டாவது ஷீட்டை இப்போது அதற்குத் தக்கபடி நேரம் மாற்றி டெவலப் செய்யலாம், அதற்காகத்தான் அதை எடுத்து வைக்கச் சொன்னேன். ஆனால் நிழல் வெறுமையாக இருந்தால் டெவலப்பர் எதுவும் செய்ய முடியாது, மறுபடி எடுக்கத்தான் வேண்டும். அதனால் நெகட்டிவ் காய்ந்து கையில் வரும்வரை மேஜையைக் கலைக்காதீர்கள். டிரைபாட் கால்கள் நின்ற இடத்தில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள், செம்பின் அடியிலும் துணியில் ஒரு பென்சில் வட்டம். மறுநாள் அதே ஜன்னலில் அதே நேரத்துக்கு வெளிச்சம் வரும்போது, வாடிய எலுமிச்சையை மாற்றிவிட்டு, நோட்டைத் திறந்து, தப்பிய ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றி எடுங்கள்.